சென்னை அணிகளை நடத்துகிறவர்களுக்கு, ஒரு திருவல்லிக்கேணி மொட்டைமாடியிலிருந்து

கிரிக்கெட்டின் சூப்பர் கிங்ஸ், கால்பந்தின் சென்னையின் எஃப்சி, கபடியின் தமிழ் தலைவாஸ் நிர்வாகத்தில் இருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கலாம்தான். ஆனால் சொல்ல வந்தது ஒரே விஷயம், சொல்கிற ஆளும் ஒரே ஆள். ஏப்ரல், மே என்றால் மஞ்சள் சட்டை, கால்பந்து வந்தால் நீலச் சட்டை, கபடி வந்தால் சீரியல் பார்ப்பவர்களோடு ரிமோட்டுக்குச் சண்டை. பல வருடமாக என் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

என் வீடு திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. மொட்டைமாடியில் ஏறினால் சேப்பாக்கம் மைதானம் தெரியாது, ராத்திரி ஆட்டம் என்றால் விளக்கு வெளிச்சம் மட்டும் வானத்தில் தெரியும். ஆனால் சத்தம் நன்றாகக் கேட்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கைபேசியில் ஓடுகிற நேரலை, நிஜ ஆட்டத்துக்குச் சில விநாடி பின்னால்தான் வரும். அதனால் திரையில் பவுலர் ஓடிவர ஆரம்பிக்கும்போதே மைதானத்திலிருந்து சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தத்தின் தினுசை வைத்தே என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லிவிடுவார். ‘இது ஃபோர்’, ‘இது கேட்ச் விட்டுட்டான்’, ‘இது தோனி எறங்குறார்’. பெரும்பாலும் சரியாக இருக்கும். எங்கள் மாடியில் கிரிக்கெட் என்றால் முதலில் காதுக்கு, அப்புறம்தான் கண்ணுக்கு.

2025 ஐபிஎல்லில் மார்ச் 28 அன்று பெங்களூரு வந்திருந்தது. நாம் சேஸ் செய்துகொண்டிருந்தோம். சத்தமே இல்லை. திரையில் விக்கெட் விழும், ‘ஓ, அதான் சத்தம் வரலியா’ என்று நாங்கள் புரிந்துகொள்வோம். மாமா கணிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கியபோது மட்டும் ஒரு பெரிய சத்தம் வந்தது, அதற்குள் ஆட்டம் முடிந்து போயிருந்தது. 50 ரன்னில் தோல்வி. 2008க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றுதான். அடுத்து டெல்லி வந்தது, 2010க்குப் பிறகு முதல் தடவையாக இங்கே ஜெயித்துவிட்டுப் போனது. அப்புறம் கொல்கத்தா. இருபது ஓவரும் ஆடி நாம் எடுத்தது 103, அவர்கள் பதினோராவது ஓவரின் முதல் பந்திலேயே கதையை முடித்தார்கள். கடைசியில் 14 ஆட்டம், 4 வெற்றி, பத்தாவது இடம். சூப்பர் கிங்ஸ் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

இதற்காகத்தான் மடல் என்று நினைத்துவிடாதீர்கள். தோற்பது எங்களுக்குப் பழக்கம். 2008 ஃபைனலில் ராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோற்றதிலிருந்தே பழக்கம். 2012இல் நம்ம சேப்பாக்கத்திலேயே 190 அடித்துவிட்டு, பிஸ்லா என்ற ஆள் 89 அடித்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தோமே, அன்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஊரே சாப்பிடாமல்தான் படுத்தது. 2019இல் ஒரே ஒரு ரன். வாட்சன் முழங்காலில் ரத்தம் வழிய வழிய 80 அடித்த ஆட்டம் அது. தோற்ற மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்தபோது கோப்பை போன வருத்தத்தைவிட அந்த ஆள் மேல் வந்த பாசம்தான் பெரிதாக இருந்தது. 2020இல் ஏழாவது, 2021இல் சாம்பியன். 2022இல் ஒன்பதாவது, 2023இல் சாம்பியன். ராட்டினம் மாதிரி மேலே கீழே போய்வந்து பழகியவர்கள் நாங்கள். கீழே போவதற்கெல்லாம் பயப்பட மாட்டோம்.

சூதாட்ட விவகாரத்தில் 2015 ஜூலையில் இரண்டு வருடம் தடை போட்டார்களே, அதைக்கூடத் தாங்கினோம். வெட்கமாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் மும்பைக்கார நண்பர் ஒருவர் தினமும் ஏதாவது சொல்வார், பதில் இருக்காது. 2018இல் திரும்பி வந்தோம், சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் நடந்தது. அதற்குள் காவிரிப் போராட்டம். மேலாண்மை வாரியம் கேட்டுத் தெருவில் நின்றவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, இந்த நேரத்தில் கிரிக்கெட் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று என் தம்பியே கேட்டான். மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது, மீதி ஆறு ஆட்டங்களும் புனேவுக்குப் போய்விட்டன. அப்போது நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். ரசிகர்களுக்கு என்று ஒரு ரயிலைப் பிடித்துப் புனேவுக்கு அனுப்பினீர்கள். அந்த ரயிலில் நான் போகவில்லை, லீவு கிடைக்கவில்லை. ஆனால் சென்ட்ரலில் அது கிளம்பிய செய்தியைப் பார்த்த அன்று, எங்களையும் ஒரு பொருட்டாக நினைக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த வருடம் கோப்பையும் வந்தது, ஃபைனலில் வாட்சன் 117. கோப்பை வராமல் போயிருந்தாலும் அந்த ரயில் எனக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட்பது இதுதான். நாங்கள் கூடவே வளர்கிற மாதிரி ஆட்களைக் கொடுங்கள். இந்த ஊரில் பிறந்தவர்களாக இருக்கட்டும், இல்லை எங்கிருந்தோ வந்து இங்கேயே தங்கிப்போனவர்களாக இருக்கட்டும். இரண்டில் ஒன்று வேண்டும்.

இதை ‘மண்ணின் மைந்தர்’ அரசியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராஞ்சிக்காரரைத் ‘தல’ என்று கூப்பிட்ட ஊர் இது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ரெய்னா ‘சின்ன தல’. ஆஸ்திரேலியாவின் ஹசியை ஏதோ தெரிந்த வீட்டுப் பிள்ளை மாதிரிப் பேசுவார் மாமா. தங்கினார்கள், அதனால் நம்மவர் ஆனார்கள், அவ்வளவுதான். அந்த நாளில் தங்கியவர்கள் பக்கத்திலேயே பிறந்தவர்களும் இருந்தார்கள் என்பதுதான் இப்போது மறந்துபோயிருக்கிறது. 2011 ஃபைனலை நினைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் முரளி விஜய் 95 அடிக்கிறார். அடுத்து முதல் ஓவரிலேயே அஸ்வின் வந்து கெயிலை முட்டையில் அனுப்புகிறார். அன்று வந்த சத்தம் மாதிரி நான் இன்னொன்று கேட்டதில்லை, எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி அதிர்ந்தது என்று மாமா இன்றுவரை சத்தியம் செய்கிறார் (அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்). பத்ரிநாத் இருந்தார். அந்தக் காலத்தில் பாலாஜி இருந்தார். தெருவில் ஆடும் பையன் கையில் பந்தைக் கொடுத்தால், நான் அஸ்வின் என்பான்.

2023 ஃபைனலில் ஆடிய நம் ஆட்களில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. எதிர் அணியில் இருந்தார். சாய் சுதர்சன், சென்னைப் பையன், குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்து நம் வயிற்றில் புளியைக் கரைத்தான். அவன் சிக்ஸர் அடிக்கும்போது கைதட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். மழை பெய்து, தள்ளிப்போய், 15 ஓவரில் 171 என்றாகி, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்ற நிலையில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு ஃபோரும் அடித்தாரே, அப்போது மணி அதிகாலை ஒன்றரை. தெருவில் வெடி வெடித்தார்கள். நானும்தான் ஆடினேன். ஆனாலும் காலையில் எழுந்ததும் மனதில் வந்தது அந்த 96.

அந்தப் பையனைக் குஜராத் 2022 ஏலத்தில் எடுத்தது 20 லட்சத்துக்கு. அதற்கு முந்தின வருடம்தான் டிஎன்பிஎல் என்ற தமிழ்நாட்டு கிரிக்கெட் லீக்கில் கோவை அணிக்காக அடித்து நொறுக்கியிருந்தான். அது உங்கள் கொல்லைப்புறத்தில் நடக்கிற போட்டி. உங்கள் அணி கடைசி இடத்துக்குப் போன அதே 2025இல் அவன் 759 ரன் எடுத்து, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி வாங்கினான். சாய் கிஷோர் இரண்டு வருடம் உங்கள் முகாமில் இருந்தும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. குஜராத்துக்குப் போய் முதல் வருடமே ஃபைனலில் இரண்டு விக்கெட் எடுத்துக் கோப்பையைத் தூக்கினார். 2022 நவம்பரில் ஜெகதீசனை விடுவித்தீர்கள். ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை, விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 அடித்தார். எதிரணி சின்ன அணிதான், ஒப்புக்கொள்கிறேன், அதற்காக 277ஐ யாரும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். அந்த 103 ரன் ஆட்டத்தில் நம்மைச் சுருட்டியவர்களில் வருண் சக்கரவர்த்தியும் உண்டு. தினேஷ் கார்த்திக் எத்தனையோ அணிக்கு ஆடி ஓய்வே பெற்றுவிட்டார், மஞ்சள் சட்டை மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் வாஷிங்டன் சுந்தர். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சொந்தக் கோபமும் வருகிறது, ஏனென்றால் அவர் எங்கள் திருவல்லிக்கேணி. அந்தப் பெயர் அமெரிக்கத் தலைநகரிலிருந்து வந்ததில்லை என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு தெரு தள்ளியிருந்த வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவக்காரர் அவருடைய அப்பாவுக்குப் பள்ளிச் சீருடையும் புத்தகமும் வாங்கிக் கொடுத்து ஆளாக்கினார், அந்த நன்றிக்காகப் பிள்ளைக்கு அவர் பெயர். அந்தப் பிள்ளை 2017இல் புனேவுக்கு ஆடினார், பிறகு பெங்களூரு, ஹைதராபாத், குஜராத். அவர் வீட்டுப் பக்கத்திலிருந்து சேப்பாக்கத்துக்கு நடந்தே வந்துவிடலாம். வந்தார், எப்போதும் எதிரணிப் பேருந்தில்.

ஏலத்தில் கை தூக்கினால் மட்டும் ஆள் கிடைத்துவிடாது, பணக் கணக்கு இருக்கிறது, எந்த இடத்துக்கு யார் வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. எல்லாம் தெரியும். 2025 பாதியில் ஆயுஷ் மாத்ரேயையும் உர்வில் படேலையும் பிரெவிஸையும் கொண்டுவந்தபோது அணிக்கு உயிர் வந்தது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் 2025 டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்கு ஆடாத இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொடுத்தீர்கள். பிரசாந்த் வீரும் கார்த்திக் ஷர்மாவும் நன்றாக வரட்டும், வந்தால் நாங்களே தோளில் தூக்குவோம். ஆனால் 20 லட்சத்துக்குக் கிடைத்தபோது கண்ணில் படாத ஒருவன் அவ்வப்போது ஞாபகத்துக்கு வருவான், அதை மட்டும் உங்களால் தடுக்க முடியாது.

தங்கியவர்களை நீங்கள் நடத்தும் விதமும் இப்போது புரியவில்லை. ஜடேஜா 2012இலிருந்து நம் ஆள். தடைக்காலம் நீங்கலாக வேறு எங்கும் போகவில்லை. 2023இல் அந்த இரண்டு பந்து அவர் அடித்தது. 2025 நவம்பரில் ஒரு காலை எழுந்து பார்த்தால் அவரும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் இங்கே. சஞ்சு அருமையான ஆட்டக்காரர், பக்கத்து மாநிலம், தமிழும் பேசுவார். மாற்றம் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அத்தனை வருடம் இருந்தவருக்குச் சேப்பாக்கத்தில் நின்று கையசைத்துப் போக ஒரு சாயங்காலம் கிடைத்திருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் எங்கள் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாமா சும்மா விடமாட்டார். தோனி இறங்க வேண்டும் என்பதற்காக ஜடேஜா அவுட் ஆகும்போது கைதட்டிய கூட்டம் நாங்கள்தான். எங்கள் மாடிக்கு அந்தச் சத்தமும் கேட்டிருக்கிறது. விக்கெட் போனதற்கு எதிரணிக்காரன் கத்துவதைவிட நம் ஆள் கத்துவது அதிகமாக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு பெவிலியனுக்கு நடக்கிற மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்? தோனிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பத்து ஓவர் நின்று ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்ன பிறகும் அவர் முன்னால் இறங்கவில்லை என்று திட்டினோம், இறங்கினால் ஏன் இறங்கினார் என்று திட்டினோம். அவர் எப்போது ஓய்வு பெறுவார் என்பதை சீசன் முழுக்க ஒரு சஸ்பென்ஸாக ஓட்டியதில் உங்களுக்கு எவ்வளவு பங்கோ எங்களுக்கும் அவ்வளவு பங்கு. அந்தச் சஸ்பென்ஸில் பாவம் ருதுராஜ், கேப்டனாக ஒரு வருடம், முழங்கைக் காயத்தோடு பாதி வருடம், அவருக்கென்று ஒரு சத்தம் இன்னும் இந்த ஊரில் உருவாகவே இல்லை.

இனி சென்னையின் எஃப்சிகாரர்களுக்கு. உங்களிடம் கோபம் குறைவு, வருத்தம்தான் அதிகம்.

2015 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. சைதாப்பேட்டையில் தம்பி வீட்டுத் தரைத்தளம் முழுக்க ஆறு புகுந்து, அவன் குடும்பம் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தது. ஐஎஸ்எல் கால்பந்து லீக் செமிஃபைனலின் உள்ளூர் ஆட்டத்தை இங்கே நடத்த வழியில்லாமல் புனேவில் நடத்தினீர்கள், கொல்கத்தாவை 3-0 என்று அடித்தீர்கள். டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். ஒரே அறையில் ஒன்பது பேர், ஈரம் காயாத ஒரு பீரோ நடுவில். 87வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனதும் தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கோவா கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார், இரண்டு நிமிடம் கழித்து மெண்டோசா ஒன்று போட்டார், 3-2. கால்பந்தே பார்க்காத என் தம்பி மனைவி அழுதாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் சேறு அள்ளிக் களைத்திருந்த ஜனங்களுக்கு அன்று ஏதோ ஒன்று திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

2018இல் மறுபடி. பெரியமேட்டில் கோவாவுக்கு எதிரான செமிஃபைனல், ஜேஜே இரண்டு, தனபால் கணேஷ் ஒன்று. கணேஷ் வியாசர்பாடி. முல்லை நகர் மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்த பையன் நேரு ஸ்டேடியத்தில் செமிஃபைனலில் கோல் போடுகிறான். ஓட்டப்பந்தயப் பாதை நடுவில் கிடக்கிற அந்த ஸ்டேடியத்தில் ஆடுகளம் எங்கோ தூரத்தில் இருக்கிற மாதிரித்தான் எப்போதும் தெரியும், அன்று மட்டும் தூரமே தெரியவில்லை. பெங்களூரு போய் அவர்கள் மைதானத்திலேயே அவர்களை 3-2 என்று ஜெயித்தீர்கள், மெயில்சன் இரண்டு தடவை கார்னரிலிருந்து தலையால் முட்டினார். அடுத்த வருடமே 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். அதற்கு அடுத்த வருடம் ஓவன் காய்ல் பயிற்சியாளராக நடுவில் வந்து, கீழே கிடந்த அணியை ஃபைனல்வரை இழுத்துக்கொண்டு போனார். கொரோனா பயத்தில் ஒரு ஆள்கூட இல்லாத மைதானத்தில் தோற்றோம்.

பிறகு எட்டாவது, எட்டாவது, எட்டாவது. மூன்று வருடம் வரிசையாக. கடைசி இடம்கூட ஒரு கதை, எட்டாவது இடம் என்ன கதை? நடுவே அனிருத் தாபா, டேராடூனிலிருந்து சின்னப் பையனாக வந்து, ஏழு வருடம் தங்கி, கேப்டனாகவே ஆனவர், 2023இல் கொல்கத்தாவுக்குப் போனார். வடசென்னைப் பையன் நந்தகுமார் அதே 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக கொல்கத்தாவின் இரண்டு பெரிய அணிகள் மோதும் டெர்பியில் ஒரு கோல் போட்டார், நான்கு வருடத்துக்கு மேல் மோகன் பாகனை ஜெயிக்காமல் இருந்தவர்கள் அன்று ஜெயித்தார்கள், கொல்கத்தாவில் பாதி ஊர் அவரைத் தூக்கிவைத்து ஆடியது. அதைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் கணேஷின் கோலை இன்னொரு தடவை தேடிப் பார்த்தேன்.

2025 ஜூலையில் ஐஎஸ்எல் லீக்கையே நிறுத்திவைத்தார்கள். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தியவர்களுக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது, அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகஸ்டில் கிளப்பின் வேலைகளை நிறுத்திவைப்பதாக நீங்கள் அறிவித்தீர்கள். அது உங்கள் தப்பில்லை. ஆனால் அந்த அறிவிப்பை வாசித்ததும் எனக்கு வயிறு கலங்கியது, ஏனென்றால் ஒரு அணி காணாமல் போவதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

சென்னை சிட்டி எஃப்சி ஞாபகம் இருக்கிறதா? பெயரில்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். 2019 மார்ச் 9 அன்று ராத்திரி ரயிலில் போய் இறங்கி அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். மினர்வாவிடம் முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு, இரண்டாம் பாதியில் மூன்று போட்டு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்னுக்குத் தள்ளி, இன்னொரு தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக் பட்டம். பெட்ரோ மான்சி அந்த சீசனில் மட்டும் 21 கோல். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து பங்கு வாங்கியது. இனி இந்த ஊரில் கால்பந்துதான் என்று ஒரு டீக்கடையில் முன்பின் தெரியாத ஆளோடு பந்தயம் கட்டினேன். 2020-21க்குப் பிறகு ஐ-லீகில் அந்தப் பெயரே கிடையாது. சென்னை ஸ்பார்டன்ஸும் அதே 2019இல் வாலிபாலில் பட்டம் ஜெயித்தது, அடுத்த சீசன் நடக்கவே இல்லை. கீழே போன அணிக்குக்கூட அடுத்த வருடம் என்று ஒன்று உண்டு. இவர்கள் பட்டம் ஜெயித்த கொஞ்ச நாளிலேயே காணாமல் போனார்கள்.

2026 பிப்ரவரி 14 முதல் லீக் மறுபடி தொடங்கும் என்று அறிவித்தார்கள், ஒரு அணியோடு ஒரே ஒரு ஆட்டம் என்ற கணக்கில், குறுகிய சீசன். நல்லது. எத்தனாவது இடம் என்று கேட்க மாட்டேன். வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் இரண்டு பையன்களை ஆடவிடுங்கள், பதினோராவது இடம் வந்தாலும் நான் வருகிறேன். பதினோராவது இடத்தைத்தான் 2024-25 சீசனிலேயே பார்த்துவிட்டோமே.

தலைவாஸ்காரர்களே, உங்களை மறக்கவில்லை. கபடி என்ற சொல்லே நம்முடையது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். பொங்கல் சமயத்தில் டெல்டா பக்கம் போனால் ஊருக்கு ஊர் டியூப்லைட் கட்டி விடிய விடிய ஆடுவார்கள். லீக் 2014இல் தொடங்கியும் நமக்கென்று அணி வந்தது 2017இல்தான். வந்தபோது என்ன ஆர்ப்பாட்டம்! உரிமையாளர்களில் சச்சின் டெண்டுல்கர், தூதராகக் கமல்ஹாசன், கேப்டனாக அஜய் தாக்கூர். அடுத்தடுத்து ராகுல் சவுத்ரி, மஞ்சித் சில்லர். பெயரெல்லாம் பெரிய பெயர், இடம் மட்டும் எப்போதும் அடியில்.

நீங்கள் ஒரே ஒரு தடவை செமிஃபைனல் போனது எப்படி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2022இல் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தீர்கள், முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் வெளியேறினார். போச்சு என்று எல்லோரும் கைகழுவினோம். பெயர் தெரியாத நரேந்தர் 243 ரெய்டு புள்ளி எடுத்தார், சாகர் பிடித்தார் பாருங்கள் பிடி, எலிமினேட்டரில் யூபியை டைபிரேக்கரில் சாய்த்து, புனேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றீர்கள். அந்தப் பையன்கள் தமிழ்ப் பையன்கள் இல்லை, பெரும்பாலும் ஹரியானா. ஆனாலும் நம் பையன்களாகத் தெரிந்தார்கள், ஏனென்றால் நம் கண் முன்னாலேயே ஆளானார்கள். அதை அப்படியே வைத்திருக்கலாம். 2024இல் மறுபடி 2.15 கோடிக்கு ஒரு நட்சத்திரம். 2025இல் பவனையே திரும்பக் கொண்டுவந்து, ஒழுங்குக் காரணம் என்று சீசன் நடுவில் அனுப்பினீர்கள். உள்ளே என்ன நடந்ததோ, அதற்குள் நான் போகவில்லை.

அதே வருடம் அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டி, அங்கேயும் கபடி உண்டு. கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா தங்கம் ஜெயித்து வந்தாள். வடுவூர்ப் பையன் அபினேஷும் ஆண்கள் அணியில் தங்கம். கண்ணகி நகர் என்றால் ஆட்டோ வராது, வேலை கிடைக்காது என்று இருந்த இடம், அன்று அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் செய்தி வாசித்தார்கள். ஆனால் உங்கள் அணியைப் பார்த்தால் தமிழ் பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெயரில் முதல் சொல்லே தமிழ்.

டிக்கெட் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன், முடியவில்லை. வாலாஜா ரோட்டில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று, போலீஸ் லத்தியைத் தரையில் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, காலையில் டிக்கெட்டோடு வீட்டுக்கு வந்த காலம் உண்டு. கஷ்டம்தான், ஆனால் முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கண்ணால் எண்ணலாம். இப்போது ஒரு இணையத்தளத்தில் வரிசை. திறந்ததும் உள்ளே போனால் எனக்கு முன்னால் லட்சக்கணக்கில் ஆட்கள் என்று காட்டும், சட்டைப் பையில் காசு இருக்கும், என் முறை வரும்போது மிச்சமிருப்பது என் சம்பளத்துக்கு எட்டாத சீட்டு. மைதானத்திலிருந்து நடக்கிற தூரத்தில் குடியிருந்துகொண்டு சத்தத்தை மட்டும் கேட்கிறேன் என்றால் பாதிக் காரணம் இதுதான். நூறு பேருக்காவது, வேண்டாம், ஐம்பது பேருக்காவது கவுண்டரில் வைத்து விற்றுப் பாருங்கள். வரிசை திருவல்லிக்கேணி பெரிய தெரு வரைக்கும் வரும், அதுவே ஒரு விளம்பரம்.

இந்த வருடமும் ஆட்டம் நடக்கிற ஒரு ராத்திரி உங்களில் யாராவது எங்கள் மாடிக்கு வாருங்கள். மூன்று பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது, ஒன்றுக்குக் கால் கொஞ்சம் ஆடும், அது எனக்கு. சுண்டல் வாங்கிவைக்கிறேன். திரையில் பந்து வருவதற்கு முன்னாலேயே மாமா முடிவைச் சொல்வதை நீங்களும் கேட்கலாம். ஆனால் இடைவேளையில் அவர் உங்களிடம் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார், வாஷிங்டனை ஏன் எடுக்கவில்லை என்று. எட்டு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதிலோடு வாருங்கள்.

இப்படிக்கு,
மூன்று சட்டையும் வைத்திருக்கும் ஒரு திருவல்லிக்கேணிக்காரன்